தலைவியாகப் பொறுப்பேற்ற மகளுக்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகள் வாணிக்கு,

உங்கள் பிசியோதெரபி சங்கத்திற்கு உன்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்த செய்தியை உன் அப்பா பட்டர்வொர்த்தில் உள்ள உறவினர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால், கிராணி (எழுத்தர்) வேலை பார்த்துக்கொண்டே சில சங்கங்களுக்குக் கணக்காய்வாளராகவும் இருந்தவள் என்பதால், அந்தப் பதவி உன்னிடம் என்ன கேட்கும் என்பதை எழுத்தில் சொல்ல விரும்புகிறேன்.

உனக்கு வாக்களித்தவர்கள், கோலாலம்பூரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வர முடிந்தவர்கள். சந்தாவைக் கட்டிவிட்டு, வர வழியில்லாமல் கோத்தா பாருவிலும் சண்டக்கானிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கும் இனி நீதான் தலைவி. அவர்களுக்கும் அப்பால், எந்தக் கூட்டத்திலும் வாக்கில்லாத நோயாளி இருக்கிறார். உறுப்பினர் நலனும் நோயாளி நலனும் பெரும்பாலும் ஒத்தே போகும். அவை மோதும்போது, பெரும்பான்மை தீர்மானித்துவிட்டது என்று சொல்லி நீ ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சிகிச்சைக் கட்டணத்தை இன்ன தொகைக்குக் குறைத்து யாரும் வாங்கக்கூடாது என்று சங்கமே முடிவு செய்ய வேண்டும் என ஒருவர் செயலவையில் கேட்பார். வாடகையும் சம்பளமும் ஏறிவிட்ட வருத்தத்தில்தான் கேட்பார்; அந்த வருத்தத்தை நீ மதிக்க வேண்டும். ஆயினும், 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், ஒரே தொழிலில் போட்டியிடுபவர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. சங்கத்தின் தீர்மானமும் அந்தத் தடைக்குள் அடங்கும். கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கம் பூவின் விலையை 10 விழுக்காடு உயர்த்தச் செய்த முடிவைத்தான், மலேசியப் போட்டி ஆணையம் 2012-இல் தன் முதல் தீர்ப்பில் சட்டமீறல் என்று அறிவித்தது. 2015-இல் சரவாக்கின் சிபு நகர ரொட்டி, கேக் தயாரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு அதே காரணத்திற்காக அபராதம் விதிக்கப்பட்டது. யாருடைய பிழைப்பைக் காப்பதற்காகக் கூடிப் பேசினார்களோ, அவர்களே அபராதத்தையும் கட்ட நேர்ந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: பக்கவாதம் வந்த ஒருவர் பணமில்லாமல் பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் அவருடைய கை என்ன ஆகும் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவள் நீ.

அடுத்தது உன் சொந்த நலன். நான் கணக்குப் பார்த்த ஒரு சங்கத்தில், சங்கத்தின் சிறப்பு மலரை அச்சிடும் வேலையைத் தலைவரின் தம்பி நடத்திய அச்சகத்திற்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு விசாரித்துப் பார்த்தேன். விலை நியாயமான விலைதான், ஒரு காசும் கூடுதலாகப் போகவில்லை. ஆனால் வேறு எந்த அச்சகத்திடமும் விலை கேட்கவில்லை. அந்த உறவைப் பற்றிக் கூட்டக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. விசாரித்தவர்களுக்குக் காட்ட என்னிடம் எந்தத் தாளும் இல்லாததால், நேர்மையான அந்த மனிதரின் மீது சந்தேகம் அப்படியே தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு பலர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஆகவே உன் மருத்துவ நிலையத்திற்கோ, உன்னோடு படித்தவர்களுக்கோ, நம் குடும்பத்திற்கோ தொடர்புள்ள விஷயம் வந்தால், முதலில் அதை வாய்விட்டுச் சொல். பிறகு அறையை விட்டு வெளியே போய்விடு. நீ வெளியேறியதைச் செயலாளரைக் கொண்டு குறிப்பில் எழுத வை. மாநாட்டுக்குப் பணம் தரும் கருவி விற்பனையாளர்கள் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதற்கு ஈடாக என்ன பெற்றார்கள் என்பது ஆண்டறிக்கையில் இருக்கட்டும். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை மட்டும் அவர்களுக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதே.

உன் நெருங்கிய தோழியின் மீதே ஒருநாள் நோயாளியின் புகார் வரக்கூடும். அதை நீ விசாரிக்காதே, விசாரிப்பவர்களிடம் அவளுக்காகப் பேசவும் செய்யாதே. அவள் கோபித்துக்கொள்வாள், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி, பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். பொருளாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் நீயே கேட்டு உறுதி செய்துகொள். சங்கத்தின் சட்டவிதிகளையும் கடந்த ஆண்டுக் கணக்கறிக்கையையும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. உறுப்பினர்கள் அனைவருக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பக்கங்களை மட்டும் அனுப்பினால் போதும்; செயலவைக்குள் பேசியது எதையும் என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அம்மா