சேர்வதற்கு 53 வயது, சம்பளத்துக்கு முதல் படி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேரடி நியமனத்தில் ஆசிரியராகச் சேரும் வயது வரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 58 என்று அரசு உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் நாற்பத்தைந்து வயதில் தேர்வெழுதி வருகிறவர் அதுவரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார் அல்லவா? எங்கோ உழைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். சம்பளம் நிர்ணயிக்கும்போது அந்த உழைப்புக்கு மதிப்பே கிடையாது. முதுகலை ஆசிரியர் என்றால், படிப்பை முடித்த கையோடு வருபவருக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய், இருபது வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வருபவருக்கும் அதே 36,900.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்படி வருகிறவர்கள் நிறைய. ஓசூர் சிப்காட் கம்பெனிகளிலும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளிலும் மாங்கூழ் ஆலைகளிலும் பி.எட். முடித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். தேர்வு அறிவிப்பு வராவிட்டால் வேறென்ன செய்வது? பட்டதாரி ஆசிரியர் பணிக்கு 2024 பிப்ரவரியில் போட்டித் தேர்வு நடந்தபோது, அதற்கு முன் பெரிய அளவில் நியமனம் நடந்து ஏறக்குறைய பத்தாண்டு ஓடியிருந்தது. காக்க வைத்தது அரசு. அந்த வருடங்களைக் கணக்கில் விட்டுவிடுவதும் அரசு.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு ஒரு வேதியியல் ஆசிரியை வந்தார். அதற்கு முன் மாங்கூழ் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருந்தவர். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தரம் பார்த்தல் (டைட்ரேஷன், அதாவது கரைசலில் அமிலம் எவ்வளவு என்று அளக்கும்) சோதனை என்றால் பொதுவாக ரெக்கார்டு நோட்டில் விடையைப் பொருத்தும் வேலைதான். இவர் ஒரு நாள் பெங்களூரா மாம்பழத்தைச் சாறு பிழிந்து, வடிகட்டிக் கொண்டுவந்தார். சோதனை முடிவில் வரும் இளஞ்சிவப்பு நிறம் மஞ்சள் சாற்றில் தெரியாது, முதலில் நன்றாகத் தண்ணீர் கலக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, அந்த நிறத்தைக் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாகக் காரத்தை அளந்து விடும் ப்யூரெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். “வெளியே லோடு லாரி நிற்கும், பழத்தில் எவ்வளவு அமிலம் என்று உடனே சொல்லியாக வேண்டும், நாலு சொட்டு அதிகம் விட்டால் கணக்கே மாறிவிடும்” என்றார். அந்த வருடம் செய்முறைத் தேர்வில் ப்யூரெட்டைக் கண்டு எந்தப் பிள்ளைக்கும் கை நடுங்கவில்லை. இதை எந்தப் பயிற்சி வகுப்பில் கற்றுத் தர முடியும்? ஆனால் அவர் ஆலையில் இருந்த வருடங்களை எழுத, நான் கையெழுத்துப் போட்ட ஊதிய நிர்ணயத் தாளில் இடமே இல்லை.

அரசுத் துறையிலேயே வேறு பணியில் இருந்து உரிய அனுமதியோடு வருபவரின் பழைய ஊதியத்தைக் காக்க விதி இருக்கிறது. கல்லூரிகளிலோ, 15 ஆண்டு தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியர்களாகவே அமர்த்திக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் வழி செய்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் அனுபவம் ஆகாது?

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று போராடிக்கொண்டிருக்கும்போது இது புது வேற்றுமை ஆகாதா என்று சங்கத்து நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370, மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்று அடிப்படை ஊதியம் பிரிந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆனால் அங்கே பிரித்தது ஒரு தேதி. இங்கே கேட்பது, செய்த வேலைக்கான கணக்கு. ஒரே பள்ளியில் பத்து வருடம் மூத்தவர் கூடுதலாக வாங்குவதை யாரும் குறை சொல்வதில்லையே.

போலி அனுபவச் சான்றிதழ் வரும் என்ற பயமும் உண்டு. லெட்டர்பேடில் யார் வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள், உண்மை. அதனால் சான்றிதழையே கேட்க வேண்டாம்; பி.எஃப். கணக்கில் மாதவாரியாகப் பணம் கட்டிய விவரம் இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும். பி.எஃப். பிடிக்காத சிறு பட்டறைக்காரர்களுக்கு வங்கியில் சம்பளம் ஏறிய கணக்கு. அப்புறம், எடுக்கும் பாடத்துக்குத் தொடர்புள்ள வேலையாகவும் இருக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியருக்கு டூல் ரூம் வேலை பொருந்தும், ஜவுளிக்கடை கல்லா பொருந்தாது. தனியார் பள்ளியில் பாடம் நடத்திய வருடங்களையும் இதே கணக்கில் சேர்க்கலாம்; அதையும்தான் இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை.

முழுசாகக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. முன்பு பார்த்த வேலையில் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், சேரும்போதே ஊதிய உயர்வு, அதிகபட்சம் நான்கு. ஓர் உயர்வு 3 சதவீதம் என்பதால், முதுகலை ஆசிரியருக்கு நான்குக்கும் சேர்த்து அடிப்படையில் மாதம் நாலாயிரத்து அறுநூறு ரூபாய் போலக் கூடும், அதன்மேல் அகவிலைப்படி. ஐம்பது வயதில் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை. நிதித் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் உட்கார்ந்து பேசி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் இதற்கு ஓர் அரசாணை போட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு நிலுவைத் தொகை கிடையாது என்று சொன்னாலும் பரவாயில்லை, இனிமேலாவது ஊதியத்தைத் திருத்திக் கொடுத்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.