காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கார் பிரேக் காலிப்பருக்கு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் பாகம்) வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நாலு வரியில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி யாராவது டப்பாவைத் திறப்பதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை தப்பாக.

எங்களுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட். போன வருடம் மகன் அதற்கு அலாய் வீல் போட்டான். அதுவரை வீல் கப் மறைத்து வைத்திருந்த காலிப்பர், துருவேறிய இரும்புச் சட்டி மாதிரி வெளியே தெரிய ஆரம்பித்தது. வார்ப்பிரும்பு, மழையில் நனைந்தால் துருப்பிடிக்கத்தான் செய்யும். அது மேல்துருதான், பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது என்று மெக்கானிக் சொல்லியும் எனக்குக் கண்ணை உறுத்தியது. கேட்டுக்கு அடித்த சிவப்பு எனாமல் அரை டப்பா பரணில் மிச்சம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, இரண்டு கோட்டு அடித்தேன். “யார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?” என்றாள் மனைவி.

பத்து நாள் கழித்து குடும்பத்தோடு ஏற்காடு போனோம். ஏறும்போது எதுவும் தெரியவில்லை. சேலம் பக்கம் இறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்கியிருப்போம், தகரம் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். வண்டி இடது பக்கமாக இழுத்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகை. நான் அடித்த சிவப்பு, அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரத்துக்கு வந்து ஒரு பட்டறையில் விட்டோம்.

அந்தத் தம்பி சக்கரத்தைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். “சார், கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டா இது?” காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கில் உரசுகிற கட்டைதான் பேட். அதன் இரண்டு முனையிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது, பேடைத் தாங்கும் பிராக்கெட்டில் உள்ள பள்ளத்தில் தாராளமாக முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். நான் அடித்த பெயிண்ட் அந்த இடுக்கில் வழிந்து காய்ந்து, சூட்டில் இளகி, பேடைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. திருப்புளியால் நெம்பி அவர் எடுத்துக் காட்டியது நகப்பாலிஷ் துணுக்கு போல ஒரு சின்னச் செதில். அவ்வளவுதான், ஐந்து பேர் உட்கார்ந்திருந்த வண்டியை அது அந்தப் பாடு படுத்திவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிப் பழசானால் அது 140 வரை இறங்கிவிடலாம். பேட் உரசிக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு ஆயிலுக்கும் போகும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். இதைக் கேட்டபோது என் பேத்தி பின் சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாவது முறை, சூடு தாங்கும் காலிப்பர் பெயிண்டே வாங்கினேன். பெயிண்ட் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. கலந்த பிறகு சில மணி நேரம்தான், அப்புறம் கெட்டியாகிவிடும். ஸ்ப்ரேயை விட பிரஷ்ஷில் அடிப்பது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது, டிஸ்க் மேல் தெறிக்காது. அடித்தது என்னவோ உண்மையிலேயே அரை மணி நேரம்தான். அதற்கு முன் கம்பி பிரஷ், உப்புத்தாள், பிரேக் கிளீனர் என்று ஒரு பகல் முழுக்கப் போனது. பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது, அடியில் ஸ்டாண்டு வேண்டும். காலிப்பரைக் கழற்றினால் அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டி வைக்க வேண்டும். ரப்பர் உறைகள், ஆயில் ஹோஸ், ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிள், காலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின், பேட் உட்காரும் பள்ளம், டிஸ்க் இத்தனையையும் டேப் ஒட்டி மறைத்தேன். டேப் ஒட்டவே இரண்டு மணி நேரம்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மகன் சாவியைக் கையில் எடுத்தான். பட்டறைத் தம்பி சொன்னது நல்லவேளை ஞாபகம் வந்தது. காலிப்பரைத் திரும்ப மாட்டுவதற்காக, பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால், முதல் மிதிக்கு பெடல் தரை வரை போகும். நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை மிதித்து, பெடல் கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். மிதித்துப் பார்த்தோம். முதல் மிதி அப்படியே கீழே போனது.

உங்கள் நாலு வரியில் இதில் ஒன்றுகூட இல்லை, ஐயா. பக்கத்தில் இருந்த படத்திலும் பளபளவென்று சிவப்புக் காலிப்பர் மட்டும்தான். வரும் ஞாயிறு அதே இடத்தில், பெயிண்ட் படக் கூடாத இடங்களை அம்புக்குறி போட்டுக் காட்டி ஒரு படம் வெளியிடுங்கள். மேல்துரு பிடித்த காலிப்பரோடு ஓட்டினாலும் பிரேக் பிடிக்கும் என்று அதன் கீழே ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டி இப்போது சிவப்புக் காலிப்பரோடு ஓடுகிறது. மறுபடியும் ஏற்காடு போய் வந்தோம், நாற்றம் ஒன்றும் இல்லை. பின் சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். அதற்கும் சிவப்பு அடிக்கலாமா என்று மகன் கேட்கிறான். மீதி பெயிண்ட் டப்பாவிலேயே இறுகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.