கந்தக மாத்திரையும் முழங்கால் வலியும்

ஆசிரியருக்கு வணக்கம். முழங்கால் தேய்மானத்துக்கு எம்எஸ்எம் (மெத்தில்சல்ஃபோனைல்மீத்தேன்), குளுக்கோசமைன் சல்ஃபேட் மாதிரி கந்தகம் சேர்ந்த சப்ளிமெண்ட் நல்லா கேக்குதுன்னு ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிட்டாங்கன்னு உங்க மருத்துவப் பக்கத்துல போட்டிருந்தீங்க. ஆராய்ச்சி நடந்தது நிஜம்தான், ஆனா எத்தனை பேரு, எத்தனை நாளு, வலி எவ்வளவு கொறைஞ்சதுன்னு ஒரு வரி கூட இல்லையே, மாசாமாசம் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுறவங்களுக்கு அதுதானே முதல்ல தெரியணும்.

எம்எஸ்எம்-க்கு 2006-ல வந்த சோதனைல மொத்தமே 50 பேரு. பாதிப் பேருக்கு தினம் 6 கிராம், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை, 12 வாரம் குடுத்துப் பாத்தாங்க. வலி டம்மியை விடக் கூடுதலா கொறைஞ்சது, விறைப்புல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. 2011-ல இன்னொண்ணு, 49 பேரு, அதே 12 வாரம், பலன் இருந்துச்சு ஆனா ரொம்பச் சின்னது, நோயாளிக்கு அது உபயோகப்படுற அளவுதானான்னு இனிமேதான் பாக்கணும்னு செஞ்சவங்களே எழுதிட்டாங்க. வருஷக்கணக்குல தேயுற மூட்டுக்கு மூணு மாச சோதனையை வச்சு நிரூபிச்சாச்சுன்னு எப்படிங்க சொல்றது?

இதோட சேத்துப் பேசுற, வலிக்குத் தோல்ல தடவுற டிஎம்எஸ்ஓ-ங்கிற கந்தகப் பொருள்ல வேற ஒரு சிக்கல். தோல்ல தடவினாலே மூச்சுல பூண்டு வாடை வந்துடும், அதனால தனக்குக் கிடைச்சது நிஜ மருந்தா டம்மியான்னு நோயாளிக்கே தெரிஞ்சுபோகும், அப்புறம் அவர் வலி கொறைஞ்சதுன்னு சொல்றதை எவ்வளவு தூரம் எடுத்துக்கிறது?

"நான் சாப்பிட்டேன், எனக்கு சரியாச்சு"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல, அதை நான் முழுசா நம்புறேன். ஆனா 2006-ல அமெரிக்காவுல 1583 பேரை வச்சு குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் (இதுவும் மூட்டுக்கு விக்கிற சப்ளிமெண்ட்தான்) ரெண்டையும் சோதிச்சப்போ டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 100-க்கு 60 பேருக்கு வலி அஞ்சுல ஒரு பங்காவது கொறைஞ்சிருக்கு! மூட்டு வலி ஏறும் இறங்கும், தாங்க முடியாம போறப்பதான் நாம மாத்திரையைத் தேடிப் போறோம், அதுக்கப்புறம் தானா இறங்குறதும் மாத்திரை கணக்குலயே சேந்துடுது. அந்த அமெரிக்க சோதனைல குடுத்தது குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடுங்கிற வேற வகை, சல்ஃபேட் இல்லைன்னு ஒரு வாதம் இருக்கு, நியாயமான வாதம்தான். 2001-ல 212 பேருக்கு மூணு வருஷம் சல்ஃபேட் குடுத்து நல்லதுன்னு ரிசல்ட் வந்ததும் உண்மை. ஆனா 2010-ல குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் பத்தின 10 சோதனை, 3803 பேரோட கணக்கைச் சேத்துப் பாத்தப்போ வலியில உருப்படியான வித்தியாசம் தெரியல, கம்பெனி பணம் இல்லாம நடந்த சோதனைகள்ல பலன் இன்னும் கம்மியாத்தான் இருந்துச்சு.

மூட்டு ஜவ்வுல கந்தகம் இருக்கு, அதனால கந்தகம் சாப்பிட்டா ஜவ்வு வளரும்னு விளம்பரத்துல சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா நாம சாப்பிடுற புரதத்துலயே மெத்தியோனைன், சிஸ்டைன்ங்கிற அமினோ அமிலங்கள் வழியா கந்தகம் வந்துட்டுதான் இருக்கு. தேஞ்ச ஜவ்வு எம்எஸ்எம்-ஆல திரும்ப வளந்ததா இந்தச் சோதனைகள் எதுவும் காட்டல.

எனக்குக் கோவம் வர்றது எங்கன்னா, மாத்திரை இருக்கேன்னு தொடைத் தசைக்கான பயிற்சியை விட்டுடுறாங்க. பயிற்சிக்கும் எடை கொறைக்கிறதுக்கும் இருக்கிற ஆதாரம் இதை விட எவ்வளவோ பலம், ஒரு கிலோ எடை கொறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்ல சுமார் நாலு கிலோ பாரம் கொறையுதுன்னு 2005-லயே அளந்து சொல்லிட்டாங்க. உங்க கட்டுரைல அதுக்கு அரை வரி கூட இல்ல.

அடுத்த வாரமாவது இந்த எண்களோட ஒரு விளக்கம் போடுங்க. அதுல, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம குளுக்கோசமைன் தொடவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம்னு பெரிய எழுத்துல போடுங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்