புளூட்டோவும் வெண்குறுமீனும் அண்ணன் தம்பி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த வானியல் கட்டுரையை ஏழாவது படிக்கும் என் மகன் வெட்டி அறிவியல் நோட்டில் ஒட்டிவிட்டான். ஒட்டின பிறகுதான் நான் படித்தேன். புளூட்டோ ஓரிடத்தில் சிறுகோள், இன்னோரிடத்தில் குள்ளக் கோள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, 'வெள்ளைக் குள்ளக் கோள்' என்று ஒன்றையும் கொண்டுவந்து புளூட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அப்படி ஒரு கோளே கிடையாது சார். அது வெண்குறுமீன், எரிந்து முடிந்த விண்மீன்.

நான் வாணியம்பாடியில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவன். வானியல் படித்தவன் இல்லை, காவலூர் தொலைநோக்கிகள் நம்ம மலைமேல் இருப்பதால் ஒட்டிக்கொண்ட ஆசைதான். ஆனால் தரம் பிரிப்பதென்றால் எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும், கீறலைப் பார்க்கிறோமா, உண்ணிக்கடியைப் பார்க்கிறோமா, கனத்தைப் பார்க்கிறோமா என்று. உங்கள் கட்டுரையில் அதுதான் இல்லை. சின்னதாக இருப்பதால் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து 'நீக்கிவிட்டார்கள்' என்று முடித்துவிட்டீர்கள், ஏதோ வேலையிலிருந்து அனுப்பின மாதிரி.

நடந்தது வேறு. 2005இல் சூரியனைச் சுற்றும் ஏரிஸ் என்ற இன்னொரு உருண்டை கண்டுபிடிக்கப்பட்டது, கிட்டத்தட்ட புளூட்டோ அளவு, எடையில் அதைவிட அதிகம். இதைப் பத்தாவது கோள் என்பதா, இல்லை கோள் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்வதா? 2006 ஆகஸ்ட் 24இல் பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியத்தினர் மஞ்சள் அட்டையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையில் மற்றதை ஒதுக்கித் தானே பெரியதாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் கோள். முதல் இரண்டு இருந்து மூன்றாவது இல்லை, அது எதற்கும் துணைக்கோளும் இல்லை என்றால் குறுங்கோள், நீங்கள் 'குள்ளக் கோள்' என்றது இதைத்தான். இத்தனை கிலோமீட்டர் என்று அளவு எங்கேயும் வரவில்லை பாருங்கள். வியாழனின் நிலா கனிமீடு புதனைவிடப் பெரியது, ஆனாலும் அது நிலாதான், வியாழனைச் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது விதி எனக்கே அரைகுறையாகத்தான் படுகிறது. தோலைப் பார்க்காமல் பக்கத்தில் கிடக்கிற தோலைப் பார்த்துத் தரம் சொல்கிற மாதிரி. வியாழனின் பாதையிலும் ஆயிரக்கணக்கில் சிறுகோள்கள் கூடவே போகின்றன என்று இந்த விதியை விமர்சிக்கும் வானியலாளர்களும் இருக்கிறார்கள். அதை எழுதியிருந்தால் நல்ல கட்டுரை ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் செரஸின் கதை இன்னும் வேடிக்கை. 1801இல் கண்டுபிடித்தபோது கோள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிறுகோள், 2006இல் குறுங்கோள். எங்கள் ஊர் மட்டும் என்ன, வட ஆற்காடு, அப்புறம் வேலூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். வீடு ஒரு அடி நகரவில்லை.

சரி, விண்மீனுக்கு வருகிறேன். அங்கே பிரிப்பதற்கு முக்கியமான கணக்கு எடை. சூரியன் மாதிரி ஒன்று எரிபொருள் தீரும் காலத்தில் ஊதிச் சிவந்து, மேல்தோலை வெளியே தள்ளிவிட்டு, நடுவில் ஏறக்குறைய பூமி அளவுக்கு ஒரு கட்டியாக நிற்கும். அதுதான் வெண்குறுமீன். நம் சூரியனுக்கு அந்தக் கதி வர இன்னும் சுமார் 500 கோடி வருடம் இருக்கிறது. அந்தக் கட்டி சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்பது நம்ம ஊர் வானியல் விஞ்ஞானி சந்திரசேகர் போட்ட கணக்கு. பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும்போது அதற்கு அடி போட்டார், 1930இல், புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட அதே வருடம். திருவாதிரை மாதிரி கனத்த மீன்கள் இந்த வழிக்கே வராது, வெடித்துத்தான் முடியும்.

வெளியே தள்ளின அந்த மேல்தோல் வாயு மேகமாகப் பரவும், அதற்குக் 'கோள் நெபுலா' என்று பெயர். 1780களில் வில்லியம் ஹெர்ஷல் வைத்தது, தொலைநோக்கியில் யுரேனஸ் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால். கோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீங்கள் 'கோள் ஒன்று இறந்து நெபுலாவானது' என்று எழுதியது இந்தப் பெயரில் சறுக்கித்தான் என்று நினைக்கிறேன்.

புளூட்டோவுக்குக் குறுங்கோள், எரிந்து முடிந்த மீனுக்கு வெண்குறுமீன் என்று தனித்தனியாகப் போடுங்கள், இரண்டுக்கும் 'குள்ள' வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூரைத் தொலைநோக்கிகளுக்காகத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்பு 1979இல் அந்தச் சர்வதேச ஒன்றியத்துக்கே தலைவரானவர், அவர் ஊன்றிய இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் விற்கும் பத்திரிகையில் இந்தக் குழப்பம் வரலாமா? திருத்தம் போட்டால் கட்டுரை அளவுக்கே போடுங்கள். பழையதை மறைத்து மேலே ஒட்டப் பையன் பசையோடு காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
வாசகர், வாணியம்பாடி