பிராக் நகருக்கு ஒரே நாள் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செக் நாட்டில் வல்தாவா ஆற்றங்கரையில் உள்ள பிராக் நகரை ஒரே நாளில் பார்க்க விரும்பும் நம் பயணிகள் பலர் மணிக்கூண்டில் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் சார்லஸ் பாலத்தை அடையும்போது நெரிசலில் நகரவே முடியாது. 1357-இல் கட்டத் தொடங்கிய இந்த 516 மீட்டர் பாலத்தை விடிந்ததும் நடந்து கடப்பதே சரி. அங்குள்ள 30 சிலைத் தொகுதிகளில் பெரும்பாலானவை நகல்கள் என்றாலும் நின்று பார்க்கத் தக்கவை.

பாலத்தின் மேற்குக்கரையிலிருந்து 22-ஆம் எண் டிராம் கோட்டைக்கு ஏறுகிறது. மேட்டில் நடக்காதீர்கள், இறங்கும்போது நடந்தால் முழங்கால் தாங்கும். காகித டிக்கெட்டை முதல் பயணத்திலேயே மஞ்சள் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், கையில் இருந்தாலும் செல்லாது. பரிசோதகர் அபராதம் விதிப்பார். ஞாயிறு காலை கோட்டைக்குள் உள்ள புனித விட்டஸ் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்கள் நண்பகல்வரை காத்திருக்க வேண்டும். யூத அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை.

மணிக்கூண்டில் உள்ள 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு முறை பொம்மைகள் வலம் வரும். அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில்தான் பணப்பை களவு போகிறது. பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

தெருவில் பணம் மாற்ற அழைப்பவரிடம் போகவே வேண்டாம். உரிமம் பெற்ற கடையில் மாற்றிய தொகை 1,000 யூரோவுக்குள் இருந்தால், 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்யச் செக் சட்டம் அனுமதிக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை