நாயின் காதிலிருந்து இன்குபேட்டர் வரை

வணக்கம். நைட் டியூட்டி சிஸ்டர்கள் தூங்கி எழுந்து படித்தால் போதும்.

"நம்ம வார்டுக்குள்ள பூஞ்சை எப்படி சிஸ்டர் வரும்?" என்று நேற்று ரவுண்ட்ஸில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1998இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த சம்பவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 15 குழந்தைகளிடம் மலாசீசியா பேக்கிடெர்மாட்டிஸ் என்ற பூஞ்சை இருந்தது. எட்டுக் குழந்தைகளுக்கு ரத்தத்திலேயே. இது வழக்கமாக நாயின் காதிலும் தோலிலும் இருப்பது. வார்டில் நாய் ஏது? தேடியதில், ஓர் ஊழியரிடமும், ஊழியர்கள் வீட்டில் வளர்த்த மூன்று நாய்களிடமும் அதே ரகம் கிடைத்தது. கை வழியாக வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு நாயைத் துரத்த வேண்டாம்! கையைத்தான் பார்க்க வேண்டும். மோதிரம், வளையல், நெயில் பாலிஷ் எல்லாம் லாக்கரில், வீட்டில். இன்குபேட்டர் கதவைத் தொட்ட கையோடு, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் லைனைத் தொடாதீர்கள்; நடுவில் ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்), 20 முதல் 30 விநாடி, கட்டைவிரலையும் நகக்கண்ணையும் விடாமல். கிளவுஸ் போட்டாலும் இதே கதைதான். லிப்பிட் (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் கொழுப்புச் சத்து) ஓடும் குழந்தைகளிடம் இன்னும் கவனம், மலாசீசியாவுக்குக் கொழுப்பு பிடிக்கும். செல்போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

நாலாம் பெட் பக்கத்து ஹேண்ட்ரப் பாட்டில் பம்ப் மக்கர் செய்கிறது. ஸ்டோரில் சொல்லியாயிற்று, அதுவரை டிராலியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.