கடைசிப் பாட்டுக்கு முன்பே எங்களைக் கிளப்பிவிட்ட இசைப் பயணம்: ஒரு புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மார்ஷல் டக்கர் பேண்ட் கச்சேரிப் பயணத்தில் ஏற்பட்ட குறைகளும், கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவதும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மார்ஷல் டக்கர் பேண்ட் என்ற ராக் குழுவின் கச்சேரிக்காக ஜார்ஜியாவின் அட்லாண்டாவிலிருந்து தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்குக்கு நீங்கள் நடத்திய ஒரு நாள் இசைப் பயணத்தில் நானும் என் அப்பாவும் 14, 15ஆம் இருக்கைகளில் வந்தோம். ஆளுக்கு 189 டாலர், மொத்தம் 378 டாலர் கட்டினேன். உங்கள் விளம்பரத்தில் 'முழுக் கச்சேரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். கச்சேரி முழுதாகக் கிடைக்கவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்பு எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டீர்கள். 'கான்ட் யூ சீ' என்ற அந்த ஒரு பாட்டுக்காகத்தான் நாங்கள் வந்ததே.

போனில் பேசிய உங்கள் அலுவலகப் பெண் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கடைசியில், "நிகழ்ச்சியில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டீர்களே சார்" என்று சொல்லி 25 டாலர் கூப்பன் ஒன்றை அனுப்பினார். அந்தக் கூப்பன் எனக்கு வேண்டாம். அன்று என்ன நடந்தது என்பது உங்கள் காதுக்கு முழுசாக வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அட்லாண்டாவுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் தென் கரோலினாவில், கிரீர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். என்னோடு அதே லைனில் இருந்த வயதான டெக்னீஷியன் ஒருவர் ஸ்பார்டன்பர்க்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து பழைய கேசட் போடுவார். மார்ஷல் டக்கர் பேண்டை அந்த வண்டியில்தான் முதலில் கேட்டேன். கிட்டார் சத்தத்துக்கு நடுவே புல்லாங்குழல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. தெற்கத்தி ராக் என்றால் இரண்டு மூன்று கிட்டார்கள் போட்டி போடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர்களிடம் புல்லாங்குழல், சாக்ஸபோன், கொஞ்சம் கன்ட்ரி, கொஞ்சம் ஜாஸ் எல்லாம் இருந்தது.

அப்பா கோயம்புத்தூரில் பஞ்சாலையில் 31 வருடம் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் நின்றவர். அம்மா போன பிறகு முதல் தடவையாக இந்த வருடம் என்னிடம் வந்தார். மாலையில் சமைக்கும்போது நான் போடும் பாட்டுகளை அவரும் கேட்பார். 'கான்ட் யூ சீ' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தக் குழல் அவருக்குப் பிடித்துப் போனது. "அதப் போடுப்பா, அந்தக் குழல் பாட்ட" என்பார். மனம் உடைந்த ஒருவன் சரக்கு ரயிலேறி, தண்டவாளம் முடிகிற வரைக்கும் ஜார்ஜியாவை நோக்கிப் போகிறேன் என்று பாடுவதை விளக்கினேன். "அப்போ நம்ம ஊருக்குத்தான் வர்றான்" என்றார். ஸ்பார்டன்பர்க் பஞ்சாலை ஊர், ரயில் பாதைகள் கூடுகிற ஊர், இந்தப் பேண்டின் பையன்கள் அங்கே வளர்ந்தவர்கள் என்று சொன்னபோது, "இங்கயும் மில்லுதானா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது அப்போதுதான். தமிழில் பேசும் கைடு, வயதானவர்களுக்கு ஏற்ற பஸ், இரவு ஒரு மணிக்குள் வீடு என்று போட்டிருந்தது. யோசிக்காமல் பணம் கட்டினேன்.

முதல் குறை சின்னதுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். பஸ் கிளம்பியதும் உங்கள் கைடு தம்பி மைக்கைப் பிடித்து, "இன்னிக்கு ராத்திரி மார்ஷல் டக்கரே நேர்ல வந்து பாடுவார்" என்றார். மார்ஷல் டக்கர் இந்தக் குழுவில் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் பார்வையில்லாத பியானோ ட்யூனர். 1970களின் தொடக்கத்தில் இந்தப் பையன்கள் ஒத்திகைக்கு வாடகைக்கு எடுத்த பழைய கிடங்கின் சாவியில் அவர் பெயர் இருந்தது. குழுவுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் 2023இல் 99ஆவது வயதில் காலமானார். நான் எழுந்து மெதுவாக இதைச் சொன்னேன். கைடு, "பரவால்ல சார், யாருக்குத் தெரியப் போகுது" என்றார். பஸ்ஸில் 40 பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பெற்றோரைக் கூட்டி வந்தவர்கள். ஒரு குழுவின் ஊருக்கே ஆட்களை அழைத்துப் போகிறவர் அதன் பெயர்க் கதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

அப்புறம் நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினோம். திட்டப்படி 1781இல் போர் நடந்த கௌபென்ஸ் மைதானம், சாப்பாடு, ஸ்பார்டன்பர்க்கில் மார்கன் சதுக்கம், மாலையில் கச்சேரி. திட்டத்தில் இல்லாத காஃப்னி அவுட்லெட் மாலில் இரண்டே கால் மணி நேரம் நிறுத்தினீர்கள். மார்கன் சதுக்கத்துக்குக் கிடைத்தது 20 நிமிடம். அதுவும் போகட்டும்.

கச்சேரி ஊருக்கு வெளியே ஒரு திறந்தவெளி மேடையில் நடந்தது. 8 மணிக்குக் குழு மேடைக்கு வந்தது. ஆரம்பத்தில் இருந்த ஆறு பேரில் இன்று மேடையில் நிற்பவர் பாடகர் டக் கிரே ஒருவர்தான். பாடல்களைப் பெரும்பாலும் எழுதிய டாய் கால்டுவெல், கம்பியை மீட்டும் பிக் வில்லை இல்லாமல் கட்டை விரலாலேயே லீட் கிட்டார் வாசித்தவர், 1993இல் 45 வயதில் போய்விட்டார். பேஸ் கிட்டார் வாசித்த அவர் தம்பி டாமி 1980இலேயே வாகன விபத்தில் இறந்துவிட்டார், அப்போது வயது 30. டாயும் டக் கிரேயும் வியட்நாம் போய் வந்தவர்கள். இதையெல்லாம் அப்பாவுக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். டக் கிரே மைக்கருகே வந்ததும், "மிச்சமிருக்கிறவர் இவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்பா கைகூப்பினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு அப்பாவின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டில் கேட்ட பாட்டுகள் மேடையில் வேறு மாதிரி இருந்தன. இந்தக் குழுவின் பழக்கமே அதுதான். 1974இல் வந்த அவர்களுடைய இரட்டை ஆல்பத்தில் ஒரு தட்டு முழுக்க மில்வாக்கி மேடையில் பதிவு செய்தது. அதில் '24 அவர்ஸ் அட் எ டைம்' கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடும். பாட்டைப் பாதியில் நிறுத்தி ஒவ்வொருவராக வாசித்துக் காட்டி, சுற்றிவிட்டுத் திரும்பி வருவார்கள். நம் ஊரில் தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த அப்பாவுக்கு இது புரியச் சிரமமே இல்லை. சாக்ஸபோன்காரர் ஓர் இடத்தில் நீட்டி இழுத்தபோது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, "விடமாட்டேங்கறான் பாரு" என்றார். அம்மா போன பிறகு அவர் அப்படிக் கையசைத்து நான் பார்க்கவில்லை.

'கான்ட் யூ சீ' 1973இல் வந்த முதல் ஆல்பத்திலேயே இருக்கிற பாட்டு. ஐம்பது வருடத்துக்கு மேலாக வாசிக்கிறார்கள். மேடையில் அதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள் என்பது இந்தக் குழுவைக் கேட்கிறவர்களுக்குத் தெரியும். காலையில் பஸ் ஏறும்போதே உங்கள் கைடிடம் இதைச் சொல்லி வைத்தேன். "கண்டிப்பா சார், முடிஞ்சுதான் கிளம்புவோம்" என்றார்.

9:10க்கு அவரே வரிசைக்குள் புகுந்து எல்லார் தோளையும் தட்டி எழுப்பினார். டிரைவருக்கு நேரம் முடிகிறது, சட்டம், உடனே கிளம்ப வேண்டும் என்றார். ஒரு பாட்டு மட்டும் என்று கெஞ்சினேன். "உங்களுக்காக 40 பேர் காத்திருக்க முடியுமா சார்?" என்றார். அந்த வார்த்தைக்கு அப்பா கூச்சப்பட்டுப் போய், "வாப்பா, போலாம்" என்று முதல் ஆளாக எழுந்துவிட்டார்.

பஸ் நின்ற இடம் மேடையிலிருந்து ஒரு பர்லாங்கு இருக்கும். சரளைக் கல் தரை, முழங்கால் வலிக்காரர், மெதுவாகத்தான் நடந்தோம். அப்பா பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தபோது குழல் கேட்டது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மேடை தெரியவில்லை. மரங்களுக்கு மேலே வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நாலு சுரம் கேட்டிருப்போம். கைடு, "ஐயா, ஏறுங்க, ஏசி போகுது" என்றார். அப்பா ஏறினார். கதவு சாத்தியது. இன்ஜின் சத்தத்தில் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அடுத்து நடந்ததற்காக. பஸ் கிளம்பவில்லை. ஆள் எண்ணினார்கள். இருவரைக் காணவில்லை என்று தேடினார்கள். பிறகு பிரியாணிப் பொட்டலங்களை இருக்கை இருக்கையாகக் கொடுத்தார்கள். ஒரு பெட்டி குறைந்தது என்று திரும்ப எண்ணினார்கள். பஸ் நகர்ந்தது 9:45க்கு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். 25 நிமிடத்துக்கு மேல் சாத்திய கதவுக்குள் உட்கார்ந்திருந்தோம், வெளியே அந்தப் பாட்டு முழுசாக நடந்து முடிந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் கச்சேரி முடிந்து ஜனங்கள் தங்கள் கார்களுக்கு நடந்து வருகிறார்கள். அந்தப் பாட்டியும் நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் மின்னஞ்சலிலும் அதையே காரணம் காட்டியிருக்கிறீர்கள். பயணிகள் பஸ் ஓட்டுபவர் அதிகபட்சம் 10 மணி நேரம் வண்டி ஓட்டலாம், 15 மணி நேரம் பணியில் இருந்த பிறகு ஓட்டக் கூடாது. இது மத்திய அரசு விதி, அவசியமான விதியும்கூட. தூக்கக் கலக்கத்தோடு யாரும் என் அப்பாவை ராத்திரியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுவதை நானே விரும்ப மாட்டேன். ஆனால் டிரைவரைப் பணியிலிருந்து முழுசாக விடுவித்த ஓய்வு நேரம் அந்த 15இல் சேராது. மாலில் இரண்டே கால் மணி நேரமும் கச்சேரியின்போது ஒன்றரை மணி நேரமும் அவரை ஓய்வில் விட்டிருந்தால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகியிருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள்? மாலில் எல்லாருடைய பைகளுக்கும் அவரைக் காவல் வைத்தீர்கள். கச்சேரி நடக்கும்போது கிரீன்வில் வரை அனுப்பி பிரியாணி வாங்கி வரச் சொன்னீர்கள். திரும்பி வரும் வழியில் அவரிடமே கேட்டேன், வருத்தத்தோடு சொன்னார். காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 1 மணிக்கு வீடு என்றால் 19 மணி நேரம். விளம்பரம் அச்சடிக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். இன்னொரு டிரைவர் வைத்திருக்க வேண்டும். அந்த 15 மணி நேரம் இரவு 9 மணியோடு முடிந்தது உண்மையானால் 9:45க்கு எப்படி ஓட்ட விட்டீர்கள் என்பதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இதற்காக அந்த டிரைவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்காதீர்கள். அவர் சொன்னபடி செய்தவர்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு பேருக்கும் கட்டிய 378 டாலரை முழுசாகத் திருப்பித் தாருங்கள். 'முழுக் கச்சேரி' என்ற வார்த்தையை விளம்பரத்தில் போடுவதானால் இரண்டு டிரைவர்களோடு நடத்துங்கள், இல்லாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள். கைடுக்கு அந்தக் குழுவைப் பற்றி அரை மணி நேரமாவது சொல்லிக் கொடுங்கள். வேண்டுமானால் நானே வந்து சொல்லித் தருகிறேன், சம்பளம் வேண்டாம். அப்புறம், என் அப்பாவிடம் போனிலாவது ஒரு முறை நேரடியாக மன்னிப்புக் கேளுங்கள். தனக்காக 40 பேர் காத்திருக்க வேண்டியதாகிவிடும் என்று அவர் அன்று வெட்கப்பட்டுப் போனார். தவறு தன்னுடையது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். "விடுப்பா, நாம கொஞ்சம் முன்னாடியே நடந்திருக்கணும்" என்கிறார்.

அவருக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதி ஊருக்கு டிக்கெட். அதற்குள் அந்தக் குழு இந்தப் பக்கம் எங்காவது வாசிக்கிறதா என்று தினமும் தேடிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தூரமானாலும் நானே காரோட்டிக் கூட்டிப் போவேன்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் கிரெடிட் கார்டு நிறுவனத்தில் இந்தக் கட்டணத்தை மறுத்து எழுதுவேன், ஜார்ஜியா அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் கொடுப்பேன். விளம்பரத் தாளின் நகல், கட்டண ரசீது, 9:45 வரை பஸ்ஸுக்குள் காத்திருந்தபோது நான் எடுத்த படங்கள் மூன்றும் இத்துடன் உள்ளன. அவற்றில் நேரம் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
14, 15ஆம் இருக்கைகளுக்குப் பணம் கட்டிய பயணி